ரேஷன் கார்டில் பேர் இல்லாத பிள்ளைக்குக் காப்பீடு எடுத்த கதை

முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்காகத் தங்கை குடும்பத்தை அழைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். வருமானச் சான்று இ-சேவையில் சிக்கலில்லாமல் கிடைத்திருந்தது. கவுண்டரில் ரேஷன் கார்டு எண்ணைத் தட்டிப் பார்த்தவர், "சின்னவ பேரு கார்டுல இல்லையே, மத்தவங்களுக்கு மட்டும் போடட்டுமா?" என்றார். காது ஆபரேஷன் தேவைப்படுவதே சின்னவளுக்குத்தான். அப்பா இடுப்பில் உட்கார்ந்து அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். பிள்ளை கண்ணெதிரே இருந்தாலும் கம்ப்யூட்டரில் இல்லையே!

இந்தத் திட்டத்துக்கு ரேஷன் கார்டில் இருப்பவர்கள்தான் குடும்பம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தாலும் கார்டில் பேர் இல்லாவிட்டால் வேலை நடக்காது.

சரி, ஆன்லைனில் பேர் சேர்க்கலாம் என்று பார்த்தால், ஓடிபி மாப்பிள்ளையின் பழைய நம்பருக்குப் போகிறது. அந்த சிம் செத்து வருஷக்கணக்காகிறது. வட்ட வழங்கல் அலுவலகத்தில், "ஆன்லைன்ல போடுங்க" என்றார்கள். அது முடியாமல்தானே வந்திருக்கிறோம் என்றதற்கு, "சர்வர் இல்ல, அப்புறம் வாங்க." தங்கைக்கு அன்றைய கூலி போனதுதான் மிச்சம்.

பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா சொல்லித்தான் இரண்டாம் சனிக்கிழமை ரேஷன் குறைதீர் முகாம் பற்றித் தெரிந்தது. அங்கே செல்போன் எண்ணை உடனே மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் பிறப்புச் சான்றில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு! பிரசவம் முடிந்த கையோடு வாங்கிய சான்று. ஒரு வருஷத்துக்குள் என்றால் இலவசமாகப் பெயரைப் பதிந்திருக்கலாம், அதற்குப் பிறகு 200 ரூபாய் தாமதக் கட்டணம். கட்டிப் பதிந்து, புதுச் சான்றை ஏற்றியபின் ரேஷன் கார்டில் பேர் வந்தது.

அடுத்த முறை அதே கவுண்டர், அதே ஆள். எண்ணைத் தட்டியதும் சின்னவள் பேர் திரையில் வந்தது. தங்கை எட்டிப் பார்த்து, எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

நீங்கள் போவதாக இருந்தால் முதலில் ரேஷன் கார்டில் எல்லாப் பிள்ளைகளின் பேரும் இருக்கிறதா, பதிந்த நம்பர் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், வாசலில் "நான் முடிச்சுத் தரேன், ஐந்நூறு கொடுங்க" என்று ஒருவர் வருவார். காப்பீட்டு அட்டைக்குக் கட்டணமே கிடையாது. சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேளுங்கள்.