58 எப்படி 62 ஆனது: ஷெட் நாட்குறிப்பு

அக்டோபர் 9, வியாழன்

எங்கள் மாருதி எஸ்டீம் கார் இன்றுதான் பேச்சைக் கேட்டது. கோவை நீலாம்பூர் பைபாஸில் தம்பி ஓட்டினான், நான் மடியில் லேப்டாப்போடு பக்கத்தில். 2400 ஆர்பிஎம், எஞ்சின் இழுக்கும் காற்றின் அழுத்தம் 35 கிலோபாஸ்கல். பெடலை லேசாகத் தொட்டபடி போகும் இடம். அங்கே லாம்டா 1.10 (1 என்றால் காற்றும் பெட்ரோலும் சரியான அளவு, அதற்கு மேலே போனால் பெட்ரோல் குறைவு). பெட்ரோல் பற்றாமல் வண்டி திக்கித் திக்கிப் போனது. எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் (ஈசியூ) பெட்ரோல் அளவுக்குப் பார்க்கும் விஇ டேபிளில் 52 இருந்ததை 58 ஆக்கினேன். லாம்டா 0.99க்கு இறங்கியது, திக்கல் நின்றது. தம்பி ஒன்றும் சொல்லாமல் திரும்பி என்னைப் பார்த்தான். அது போதும் எனக்கு.

(இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற பழைய கணக்கு அதற்குப் பொருந்தாது. அதனால் லாம்டாவில் மட்டும்தான் பார்க்கிறேன்.)

பக்கத்துக் கட்டங்களையும் சரி செய்துவிட்டு பர்ன் (நிரந்தரமாக எழுதிவைக்கச் சொல்லும் கட்டளை) கொடுத்தேன். ஷெட்டுக்கு வந்து கீயை அணைத்து மறுபடி போட்டால் 58 அப்படியே இருந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

காலையில் கீ போட்டதும் வித்தியாசப் பட்டியல் வருகிறது. லேப்டாப்பில் 58, ஈசியூவில் 62.

அக்டோபர் 11, சனி

திருத்தி பர்ன் கொடுத்த 58, இன்று காலையும் 62. யார் வைத்த எண் இது? நான் வைக்கவில்லை. முன்பு இருந்ததும் 52 தானே. பர்ன் ஆகாமல் போயிருந்தால் 52 வந்திருக்க வேண்டும். 62 எங்கிருந்து வந்தது?

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஈசியூவில் ஓடும் ஸ்பீடுயினோ ஃபர்ம்வேரும், அதைப் புரிந்துகொள்ள லேப்டாப்பில் உள்ள ஐஎன்ஐ கோப்பும் ஒரே பதிப்பு. யூஎஸ்பி கேபிள் மாற்றியாச்சு, தம்பியின் லேப்டாப்பிலும் போட்டுப் பார்த்தாச்சு. அப்புறம் செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் விழுகிறதா என்று சந்தேகம். வோல்டேஜ் குறைந்தால் ஈஈப்ரோமில் (கரண்ட் போனாலும் எண்களை வைத்திருக்கும் நினைவகம்) இருப்பது கெடலாம் என்று, ஈசியூவாக ஓடும் அர்டுயினோ மெகா போர்டில் இருக்கும் அந்த 2560 சிப்பின் டேட்டாஷீட்டே எச்சரிக்கிறது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். செல்ஃப் அடிக்கையில் பேட்டரி 9.4, ரெகுலேட்டருக்குப் பின்னால் 5 வோல்ட் அசையவில்லை. மீட்டர் கண்ணுக்குத் தப்பும் சின்னச் சரிவு இருக்கலாம். ஆனால் சாயங்காலம் வேண்டுமென்றே திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து அணைத்தேன். ஒவ்வொரு முறையும் 58.

சாயங்காலம் இருப்பது காலையில் இல்லை. இரவில் வண்டியை யாரும் தொடுவதில்லை.

அண்ணனுக்கு மெசேஜ் அனுப்பினேன். பார்த்துவிட்டார். பதில் இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

திரையை நம்பக் கூடாது. இதைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், தம்பிக்கும் சேர்த்து. கட்டத்தில் எண்ணை மாற்றினால் அது முதலில், கரண்ட் போனால் மறந்துவிடும் ரேமுக்குப் போகும். எஞ்சின் உடனே அதை வைத்துத்தான் ஓடும். பர்ன் கொடுத்தால்தான் ரேமில் இருப்பது ஈஈப்ரோமுக்கு இறங்கும். ஆனால் லேப்டாப் திரும்பக் கேட்கும்போது ஈசியூ காட்டுவது ரேமை. உள்ளே என்ன எழுதப்பட்டது என்பது கரண்டை நிறுத்தி மறுபடி கொடுத்தால்தான் தெரியும்.

எழுதவும் நேரம் பிடிக்கும். ஒரு பைட்டுக்கு சுமார் 3.3 மில்லிசெகண்ட். விஇ டேபிள் 16க்கு 16, அச்சு எண்களோடு 288 பைட். முழுதும் மாறியிருந்தால் கிட்டத்தட்ட ஒரு செகண்ட். ஓடுகிற எஞ்சினில் அவ்வளவு நேரம் நிற்க முடியாது, இக்னிஷன் தவறிவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக எழுதும். சரி, எழுதி முடிப்பதற்குள் கீயை அணைத்தால் இழப்பு வரும். நான் ஒரு டீ குடிக்கும் நேரம் விட்டுத்தான் அணைக்கிறேன்.

ஷெட்டைக் காலி செய்ய வேண்டும். கீழ் வீட்டு அம்மா மறுபடி வந்தார். "ஏனுங் தம்பி, ரேக்கெல்லாம் எப்பக் கழட்டுவீங்க?" தீபாவளி கழிச்சுங்கம்மா என்றேன். லேத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றே இன்னும் தெரியவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று காலை கரும்புகை. ஐடிலிலிருந்து லேசாக ஏற்றினாலே மூச்சுத் திணறுகிறது. பிளக் நாலும் நனைந்து கறுத்திருக்கின்றன. டேபிளைத் திறந்தால் 55 இருந்த கட்டத்தில் 119.

அக்டோபர் 14, இரவு

தூக்கம் வரவில்லை. கெட்டுப்போன எண்களை மட்டும் தாளில் எழுதினேன்.

58 → 62
61 → 63
55 → 119

வித்தியாசம் 4, 2, 64. மூன்றும் இரண்டின் அடுக்குகள்! ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பிட் புரண்டிருக்கிறது. இரும எண்ணில் எழுதிப் பார்த்தால் இன்னும் தெளிவு: மூன்றிலும் 0 இருந்த இடத்தில் 1 வந்திருக்கிறது, 1 எதுவும் 0 ஆகவில்லை. ஈஈப்ரோமில் அழித்த நிலை என்றாலே எல்லாப் பிட்டும் 1, அதாவது 255. எழுதியது இரவோடு இரவாக அழிந்த நிலையை நோக்கி நழுவுகிறது. மூன்றும் ஒரே வரிசையில், அடுத்தடுத்த கட்டங்கள்.

வயரிங் இல்லை. கேபிள் இல்லை. சாஃப்ட்வேர் இல்லை. இது எழுதிக்கொள்கிறது, எழுதியதை வைத்துக்கொள்ளத்தான் முடியவில்லை. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த மாதிரி, பிடிக்கிற நேரத்தில் நிறைந்துதான் தெரியும்.

அக்டோபர் 16, வியாழன்

போர்டைக் கழற்றிவிட்டேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் பெட்டி மேல் இன்னும் காய்ந்து ஒட்டியிருக்கிறது. அதைத் துடைக்க மனசு வரவில்லை.

சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி ஏற்றினேன். 4096 முகவரிகளிலும் பூஜ்யம் எழுது, உடனே படி. எல்லாம் பூஜ்யம். குறை ஒன்றுமில்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். அட்டைப்பெட்டிக்குள் போர்டை வைத்து மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டிருக்கிறேன். வெயிலில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டுச் சூடு அதற்குக் கிடைக்கட்டும். பெட்டி பற்றிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். வெளியே நல்ல மழை.

அக்டோபர் 17, வெள்ளி

தொடக்க முகவரிகள் ஒரு கொத்தாகப் போயிருக்கின்றன. மீதி அத்தனையும் பூஜ்யம்.

போர்டை விற்ற பையனுக்கு போன் போட்டேன். கல்லூரி புராஜெக்டாம், தண்ணீர் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது என்று கணக்கு வைப்பது. "கரண்டு போனாலும் கணக்கு போகக் கூடாதுன்னு செகண்டுக்கு ஒரு தரம் ஈஈப்ரோம்ல எழுதுவோம்ங்கண்ணா" என்றான். ஒரு செமஸ்டர் முழுக்க ஓடியிருக்கிறது. இந்தச் சிப்பில் ஒரு முகவரிக்கு உத்தரவாதம் 1,00,000 முறை எழுதும் வரைதான். செகண்டுக்கு ஒரு முறை என்றால் 28 மணி நேரம்கூட ஆகாது. அவன் மேல் கோபம் இல்லை. அந்த வயதில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை.

நல்ல நிலையில் இருந்தால் 85 டிகிரிச் சூட்டில் 20 வருடம், 25 டிகிரியில் 100 வருடம் நினைவு வைத்திருக்க வேண்டிய சிப் இது. தேய்ந்துபோனதால் ஒரு இரவு தாங்கவில்லை.

புது மெகா போர்டு ஆர்டர் போட்டாச்சு. தீபாவளி நெருக்கத்தில் கூரியர் எப்போது வருமோ.

அக்டோபர் 18, சனி

பழைய போர்டையே மாட்டியிருக்கிறேன். காலையில் லேப்டாப்பை இணைத்து, டியூன் கோப்பை முழுதாக ஏற்றிவிட்டு, அப்புறம்தான் ஸ்டார்ட். தம்பி இதற்கே சந்தோஷப்படுகிறான்: "ஞாயித்துக்கிழமை இப்படியே போயிரலாம்ணா." முடியாது என்றேன். செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் 2.1 கிலோமீட்டர் சுற்று. வளைவில் பெடலை விட்டு மறுபடி தொடும்போது எஞ்சின் வந்து நிற்பது சரியாக அந்த வரிசையில். அங்கே ஈசியூ ஒரு தரம் அணைந்து எழுந்து, ஈஈப்ரோமில் புரண்ட எண்ணை எடுத்துக்கொண்டு வண்டி திணறினால் பின்னால் வருகிறவன் மேலே ஏறிவிடுவான். பந்தயம் இல்லை, வெறும் பிராக்டிஸ்தான். இருந்தாலும் முடியாது.

இந்த ஊரில் கரிவரதன் மாருதி 800 சாமான்களை வைத்து ரேஸ் கார் கட்டி, கையில் காசில்லாத பையன்களையும் ஓட்ட வைத்தார். 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். செகண்ட் ஹேண்ட் சாமானில் வண்டி கட்டுவதை நான் ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை. வாங்கும் நாளிலேயே பல்புச் சூட்டில் வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

கூரியர் வராது என்று தெரிந்தும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கூப்பிடவில்லை. அண்ணி ஒரு வாழ்த்துப் படம் அனுப்பியிருக்கிறார்.

அக்டோபர் 22, புதன்

மழை. ரேக் கழற்றினோம். போல்ட் எல்லாம் துரு.

அக்டோபர் 23, வியாழன்

ஸ்டேட்டஸில் "டெலிவரிக்குப் புறப்பட்டது" என்று காலையிலிருந்து காட்டுகிறது. இரவு ஒன்பது மணிக்கும் அதேதான்.

அக்டோபர் 24, வெள்ளி

வந்துவிட்டது! மதியமே பூஜ்யம் எழுதி, பல்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். தம்பி உடனே மாட்டச் சொல்கிறான். நாளைக்கு என்றேன். வேறு இடம் பார்க்க சிங்காநல்லூர் போனோம். வாடகை கட்டுப்படியாகாது, அட்வான்ஸ் அதைவிட. லேத்துக்கு த்ரீ ஃபேஸும் இல்லை.

அக்டோபர் 25, சனி

4096 முகவரியும் பூஜ்யம். ஃபர்ம்வேர் ஏற்றி, டியூன் ஏற்றி, பர்ன் கொடுத்து, வண்டியில் மாட்டியாச்சு. பைபாஸில் ஒரு நடை. 2400இல் லாம்டா 0.99, திக்கல் இல்லை. பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தேன். கரண்டே இல்லாமல் இரவு முழுக்க இருக்கட்டும்.

அண்ணனுக்கு நானே கூப்பிட்டேன். முழுதாக அடித்து ஓய்ந்தது.

அக்டோபர் 26, ஞாயிறு, விடியற்காலை

டெர்மினல் மாட்டி, லேப்டாப்பை இணைத்தேன். வித்தியாசப் பட்டியலே வரவில்லை. டேபிளைத் திறந்து கண்ணாலும் பார்த்தேன். 58. பக்கத்தில் 61, 55.

டயருக்குக் காற்று இன்னும் பார்க்கவில்லை. ஜாக்கி எந்த மூட்டையில் போனதோ, தம்பி தேடிக்கொண்டு