ஏன் இவ்வளவு விலை?

மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கம்பெனிப் பதிவு வேலை பார்க்கிறேன். சமூகத் தொழில்முனைவோர் என்று சொல்லிக்கொண்டு அவ்வப்போது யாராவது வருவார்கள், பெரும்பாலும் செக்‌ஷன் 8 கம்பெனி கேட்டு. அதாவது லாப நோக்கம் இல்லாத கம்பெனி: வரும் லாபத்தை நோக்கத்துக்கே செலவிட வேண்டும், பங்குதாரருக்கு டிவிடெண்ட் கிடையாது. அப்புறம் ஏன் இந்த வம்பு என்று கேட்பேன். விண்ணப்பத்தில் நோக்கம் எழுத வேண்டும் என்பது சாக்கு. எனக்கே தெரிந்துகொள்ள ஆசை.

"சமுதாயத்துக்கு ஏதாவது செய்யணும் சார்" என்பார்கள். தப்பில்லை. ஆனால் அப்படிச் சொல்பவர்களில் பலர் அடுத்த வருஷ ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. நின்று செய்கிறவர்களைத் தூங்கவிடாதது ஏதாவது ஒரு விலையாக இருக்கிறது.

மலிவு விலை நாப்கின் இயந்திரம் செய்த கோவை அருணாச்சலம் முருகானந்தம் கதை தெரிந்ததுதான். மனைவி மாதவிலக்குக்குப் பழந்துணி வைத்திருப்பதைப் பார்த்தார். கடை நாப்கின் வாங்கினால் பால் வாங்கும் காசில் துண்டு விழும் என்றார் மனைவி. இங்கே பலரும் வருத்தப்பட்டு நிறுத்திக்கொள்வார்கள். இவர் பட்டறைக்காரர், நாப்கினைக் கையில் வாங்கி எடை பார்த்தார். சுமார் 10 கிராம் பஞ்சு, அப்போது 10 பைசா பெறும். விற்றதோ 4 ரூபாய்க்கு! அதன் பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஆட்டு ரத்தத்தைக் கால்பந்து பிளாடரில் நிரப்பி இடுப்பில் கட்டிக்கொண்டு தானே சோதித்தார். மனைவி பிரிந்து போனார், அம்மாவும் போனார். உள்ளே இருப்பது பஞ்சே அல்ல, மரக்கூழ் என்று கண்டுபிடிக்கவே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. இரக்கம் மட்டும் ஒருவரை இவ்வளவு தூரம் இழுத்து வராது என்பது என் அபிப்பிராயம். கணக்கு இடிக்கிறதே என்ற அரிப்பு இழுக்கும்.

எங்கள் ஊர் டாக்டர் வெங்கடசாமி கொஞ்சம் வேறு மாதிரி. உறவுப் பெண்கள் கர்ப்பிணியாக இருக்கும்போதே இறந்ததைப் பார்த்து மகப்பேறு மருத்துவராக நினைத்தவர். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப் போனதால் கண் மருத்துவத்துக்கு வந்தார். ஓய்வு பெற்ற பிறகு, 1976இல், 58 வயதில், 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனை. காசு கொடுப்பவர் கட்டணத்தில் கொடுக்க முடியாதவருக்கும் ஆபரேஷன். அங்கேயும் ஒரு விலை குறுக்கே வந்தது: கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டுச் சரக்கு, ஏழைக்குக் கட்டாது. 1992இல் ஆரோலேப் தொடங்கி இங்கேயே செய்தார்கள். அவருடைய அரவிந்தர் பக்தியை மட்டும் என் பேரேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை!

போன மாதம் உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்தார். மல்லிகை கட்டுபவர். கிழித்த காலண்டர் தாள்களின் பின்புறம் பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய கணக்கு ஒரு கட்டு வைத்திருந்தார்: ஒரு பக்கம் அன்றைய பூ விலை, மறுபக்கம் கட்டுக் கூலி. பூ விலை முகூர்த்த நாளில் எகிறுகிறது, ஆடியில் விழுகிறது. கூலிப் பக்கத்தில் ஒரே எண்.

"பூ ஆயிரத்துக்குப் போனாலும் எங்களுக்கு அதே கூலிதானே தம்பி? நடுவுல அது எங்க போகுது?"

அவரும் செக்‌ஷன் 8 என்றுதான் கேட்டு வந்தார்; யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கட்டுகிற பெண்களுக்கே லாபம் போய்ச் சேர வேண்டுமென்றால் அது உதவாது, உற்பத்தி செய்கிறவர்களே பங்குதாரர்களாக இருக்கும் உற்பத்தியாளர் கம்பெனிதான் சரி என்றேன். குறைந்தது 10 உறுப்பினர், 5 இயக்குநர் வேண்டும். ஆள் இருக்கிறது என்றார்.

எங்கள் பில்லைக் கொடுத்தேன். அரசுக் கட்டணம், ஐந்து பேருக்கு டிஜிட்டல் கையெழுத்து, எங்கள் ஃபீஸ் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்து, இது எதுக்கு, இது ஏன் இவ்வளவு என்று கேட்டார். கடைசி வரியில் விரல் நின்றது.

"ஜெராக்ஸ் எங்க ஊர்லயே எடுத்துட்டு வந்துர்றேன் தம்பி. இதை அடிச்சிருங்க."

அடித்துக் கொடுத்தேன்.