சீட்டில் பெயர் இல்லாத தேர்தல்

தேர்தல் கடமைக்குப் போகும் ஆசிரியர்களைக் கேட்டால் ஜனாதிபதித் தேர்தல்தான் சுகமானது என்பார்கள். வேட்பாளர் எங்கோ கொழும்பில் இருப்பார். வென்றாலும் தோற்றாலும் அடுத்த நாள் நம் ஒழுங்கையில் எதிர்ப்படப் போவதில்லை. உள்ளூராட்சித் தேர்தலில் அந்த நிம்மதி கிடையாது. திருகோணமலை சின்ன ஊர். எந்த வட்டாரத்துக்கு அனுப்பினாலும் கட்சி முகவர் கதிரையில் பழைய மாணவன் ஒருவன் இருப்பான்; வேட்பாளர் மீன் சந்தையில் அடிக்கடி காண்கிறவராக இருப்பார். சிரித்தால் ஒரு கட்சிக்காரர் கணக்கெடுப்பார், சிரிக்காவிட்டால் மற்றவர். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லித் தருவதில்லை.

2018 பெப்ரவரி 10ஆம் திகதி புதிய கலப்பு முறையில் முதல் தேர்தல் நடந்தது. அறுபது வீதம் வட்டாரங்களிலிருந்து, நாற்பது வீதம் விகிதாசாரப்படி. எங்களுக்கே அது புதிது. வாக்காளருக்கு ஒரு சீட்டு, ஒரு புள்ளடி (× அடையாளம்), அவ்வளவுதான். அந்த ஒரே புள்ளடி இரண்டு வேலை பார்க்கும்: வட்டாரத்தில் வென்றவர் யார் என்பதையும் சொல்லும், சபை முழுவதிலும் கட்சிக்கு எத்தனை ஆசனம் என்ற கணக்கிலும் சேரும். ஆளைத் தெரிந்து போடுகிற விருப்பு வாக்கு இல்லை.

சீட்டைக் கையில் வாங்கிய சனத்துக்கு வந்த குழப்பம் வேறு. வட்டார வேட்பாளரைத் தெரியும், அவருடைய தகப்பனைத் தெரியும், வாசிகசாலைக் கூட்டத்தில் அவர் யாருடன் சண்டை பிடித்தார் என்பதும் தெரியும். ஆனால் சீட்டில் அவர் பெயர் இல்லை. கட்சி அல்லது சுயேச்சைக் குழு, பக்கத்தில் சின்னம், நேரே ஒரு வெற்றுக் கட்டம். நாட்டிலேயே வீட்டுக்கு மிக அருகில் நடக்கிற தேர்தலில்தான் சீட்டில் ஆளுடைய பெயரும் கிடையாது, இலக்கமும் கிடையாது. “இவர் எந்தச் சின்னம்?” என்று வந்து கேட்டால் நாங்கள் வாய் திறக்கக் கூடாது. புள்ளடி எப்படிப் போடுவது என்று விளக்கலாம். அதற்கு மேல் ஒரு சொல் சொன்னாலும் முகவர்களின் கழுத்துகள் ஒருசேரத் திரும்பும்.

மாலை நான்கு மணிக்கு வாக்களிப்பு முடிந்ததும் எண்ணுவதும் வட்டாரத்திலேயே. என்னைக் கேட்டால் இதுதான் இந்த முறையின் மிக நேர்மையான பகுதி, மிகக் கொடுமையான பகுதியும் கூட. மாவட்ட நிலையத்தில் எண்ணும்போது பல ஊர்ப் பெட்டிகள் ஒன்றாகக் கலந்துவிடும். இங்கே ஒரு வட்டாரத்துச் சீட்டுகள்தான், மேசைக்கு முன்னால் தெரிந்த முகங்கள். கட்டுகள் சின்னம் சின்னமாக உயர உயர, எந்த ஒழுங்கை எந்தப் பக்கம் போனது என்று முகவர்கள் மனதுக்குள் கணக்குப் போடுவது கண்ணில் தெரியும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த தெருக்களில் இருக்கிற ஊரில் அந்தக் கணக்கு மறுநாள் காலை தேநீர்க் கடைக்குப் போய்விடும். இருந்தாலும் எண்ணிக்கையைக் கண்ணால் கண்டவன் ‘கள்ள வாக்கு’ என்று கத்த மாட்டான். தோற்ற வேட்பாளர் ஒருவர் கையொப்பமிட்டுவிட்டு, “சேர், சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

அடுத்த தேர்தல் 2023 மார்ச் 9 என்றார்கள். வேட்புமனு முடிந்தது, சுவரொட்டிகளும் வந்தன. பிறகு காசில்லை என்று தேர்தல் நின்றுபோனது. அந்த மார்ச்சில் சபைகளின் காலமும் முடிய, நிர்வாகம் அதிகாரிகளின் கைக்குப் போனது. தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட காலத்தில் வீதி விளக்கு எரியாவிட்டால் யாரிடம் போவது என்று சனத்துக்குத் தெரியவில்லை. உறுப்பினர் என்றால் வீட்டு வாசலில் போய் நின்று ஏசலாம். அலுவலகத்துக்குக் கடிதம்தான் எழுத வேண்டும்.

2025 மே 6ஆம் திகதி வாக்களிப்பு வந்தபோது நகரசபை மாநகர சபையாகியிருந்தது. முந்தி தவிசாளர், இனி முதல்வர். அதோடு, எட்டு மாதங்களுக்குள் ஜனாதிபதித் தேர்தலும் பாராளுமன்றத் தேர்தலும் முடிந்திருந்தன. முதலாவதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடுகிற பழக்கமும், இரண்டாவதில் விருப்பு இலக்கம் தேடுகிற பழக்கமும் விரல்களில் இன்னும் இருந்தன. வயதான அம்மா ஒருவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இதில மேயர் எங்க?”

“விருப்பமான சின்னத்துக்கு நேரே ஒரு புள்ளடி மட்டும் போடுங்கோ அம்மா.”

“அது தெரியும். மேயருக்கு எங்க போடுறது?”

அதற்கு இடம் இல்லை. ஒரு கட்சிக்குப் பாதிக்கு மேல் ஆசனம் கிடைத்தால் அந்தக் கட்சி கொடுக்கிற பெயர் முதல்வர். கிடைக்காவிட்டால் உள்ளூராட்சி ஆணையாளர் முதல் அமர்வைக் கூட்ட, உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவு செய்வார்கள். அந்த வாக்கெடுப்பு பகிரங்கமா இரகசியமா என்பதையும் அவர்களே தீர்மானிப்பார்கள். சமனாக வந்தால் திருவுளச் சீட்டு. இதையெல்லாம் பின்னால் வரிசை நிற்க ஒரு அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? அவர் போய்ப் புள்ளடி போட்டார், மடித்தார், பெட்டியில் போட்டார். முகத்தில் திருப்தி இல்லை.

விகிதாசார ஆசனங்களுக்காகக் கட்சி கொடுக்கிற மேலதிகப் பட்டியலும் அப்படித்தான். பட்டியலில் உள்ளவர்களில் யார் சபைக்குப் போவது என்பதைக் கட்சி பிறகுதான் சொல்லும். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: இருபத்தைந்து வீதம் பெண்கள் என்ற சட்டம் பெரும்பாலும் அந்தப் பட்டியல் வழியாகத்தான் நிறைவேறுகிறது. வட்டாரத்தில் பெண்ணை நிறுத்த நம்மவர்களுக்கு இன்னும் மனம் வரவில்லை. பட்டியலைத் திட்டும்போது இதையும் ஞாபகம் வைத்தே திட்டுகிறேன்.

ஜூனில் சபைகள் கூடத் தொடங்கின. பாடசாலை ஆசிரியர் அறையில் அந்த நாட்களில் வேறு கதை இல்லை: எந்தச் சபையில் யார் யாருடன் சேர்ந்தார்கள், யார் கூட்டத்துக்கே வரவில்லை. இளம் ஆசிரியை ஒருவர் மட்டும் அதில் கலந்துகொள்ளவில்லை. அவருடைய வீட்டு மூலையில் குப்பை நாட்கணக்கில் கிடக்கிறதாம். ஊர் மான்கள் வந்து பொலித்தீனைத் தின்கின்றனவாம். முறைப்பாடு மாநகர சபைக்கா, பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்கா என்று கேட்டார். இரண்டும் ஒரே பிரதேச செயலகப் பிரிவுக்குள் வருவதால் எல்லை பலருக்குக் குழப்பம். வாக்காளர் அட்டையில் எந்த வட்டாரம் போட்டிருந்தது என்று கேட்டேன். எறிந்துவிட்டாராம். கிராம அலுவலரிடம் இடாப்பைப் பார்த்து, வட்டார உறுப்பினரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன்.