கொழுந்தெடுக்கும் கையை அளந்த விதம்

2023ஆம் ஆண்டு மழைக்காலத்தில், இலங்கையில் நான் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தை நிறுத்து முடித்த வெறும் படங்கோடு (சாக்குத் துணியோடு), கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு இறங்கும் வழியில் சறுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு ஒட்டியது, ஆனால் சற்றுக் கோணலாக ஒட்டியது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றிலும் இன்றுவரை மரத்துப்போன உணர்வு இருக்கிறது. அந்தக் கையால் இனி எவ்வளவு உழைக்க முடியும் என்பதை அரசாங்கத்தின் முறைப்படி அளந்து, அதற்கு ஒரு வீதம் குறித்து, அந்த வீதத்துக்குரிய நட்டஈட்டைப் பெறும் வரை நடந்தவற்றை எழுதுகிறேன். எங்கள் தோட்டத்தில் கைகால் அடிபட்டவர்கள் பலர் இருந்தும், இந்த வழியில் கடைசிவரை சென்றவர்கள் மிகக் குறைவு. அதனால் யாரிடம் கேட்டாலும் பாதி விடைதான் கிடைத்தது.

முதலில் சட்டத்தின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வலிக்கோ வேதனைக்கோ காசு கொடுப்பதில்லை. விபத்தினால் ஒருவர் உழைத்துச் சம்பாதிக்கும் ஆற்றலில் எவ்வளவை நிரந்தரமாக இழந்தார் என்பதையே அது கேட்கிறது. கை, கால், கண், விரல் ஆகியவற்றில் எது போனால் எத்தனை வீதம் என்று சட்டத்தோடு சேர்ந்த அட்டவணை ஒன்று இருக்கிறது. விரல் துண்டாகிப் போனவருக்கு அந்த அட்டவணையைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். எனக்கோ ஐந்து விரல்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு, அந்தக் காயம் உழைக்கும் ஆற்றலில் ஏற்படுத்திய இழப்பின் அளவுக்கேற்ப வீதம் தீர்மானிக்கப்பட வேண்டும். அந்த அளவை முதலில் எழுதுபவர் வைத்தியர். அதை ஏற்பதா இல்லையா என்று முடிவு செய்பவர் வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளர். என் இழுபறி முழுவதும் இந்த ஒரு வீதத்தைச் சுற்றியே நடந்தது.

தொடக்கத்தில் தோட்ட நிர்வாகம் இதை வேலை நேர விபத்தாகவே ஏற்க மறுத்தது. நிறுவை முடிந்துவிட்டது, பேர் போட்டாயிற்று (அன்றைய வேலையைப் பதிந்தாயிற்று), அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகும் வழியில் விழுந்ததற்குத் தோட்டம் பொறுப்பில்லை என்பது அவர்களுடைய வாதம். முன்னைய காலமாக இருந்திருந்தால் இந்த இடத்திலேயே என் விண்ணப்பம் நின்றுபோயிருக்கலாம். 2022ஆம் ஆண்டுத் திருத்தம், வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும்போதும் வேலையிலிருந்து திரும்பும்போதும் நிகழும் விபத்துகளையும் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. அதே திருத்தம் நட்டஈட்டின் உச்சவரம்பையும் 550,000 ரூபாயிலிருந்து 2,000,000 ரூபாயாக உயர்த்தியது. எங்கள் தொழிற்சங்க அலுவலகத்தில் அப்போதும் பழைய அட்டவணையின் போட்டோப் பிரதியே மேசையில் கிடந்தது என்பதைக் குறையாகச் சொல்லவில்லை; ஆனால் உங்களுக்கு யாராவது தொகை கணக்கிட்டுச் சொன்னால், எந்த ஆண்டுத் தாளைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

விழுந்த அன்றே தோட்ட டிஸ்பென்சரியில் பெயரையும் நேரத்தையும் இடத்தையும் பதிவு செய்தது பின்னால் பெரிதும் உதவியது. டிஸ்பென்சரி ஐயா "மடுவத்துக்குக் கீழே உள்ள படிக்கட்டில்" என்று இடத்தையே குறித்து எழுதியிருந்தார். வைத்தியசாலையில் தந்த டயக்னோசிஸ் கார்ட், எக்ஸ்ரே படங்கள், கிளினிக் கொப்பி ஆகிய மூன்றையும் என் மகள் ஒரே உறையில் போட்டு அரிசிப் பெட்டிக்கு மேலே வைத்திருந்தாள். லயத்து அறையில் நனையாத இடம் அது ஒன்றுதான்.

மாவு கட்டியிருந்த காலத்துக்கு, தற்காலிக இயலாமைக்கான அரைமாதக் கொடுப்பனவு உண்டு. அதைக் கேட்டுக் கடிதம் கொடுத்த பிறகே தந்தார்கள். அதைப் பற்றி நீட்டுவதற்கு ஒன்றுமில்லை.

மாவு கழற்றிய பின் மறுபடி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனேன். அங்கேதான் உண்மையான இழப்பு தெரிந்தது. நிரை பிடித்து நின்றால் இடது கை ஓடுகிறது. வலது கை பின்தங்குகிறது. மரத்த விரலுக்குக் கொழுந்துக்கும் முற்றிய கரட்டு இலைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் கிள்ள வேண்டியிருந்தது. பதினெட்டுக் கிலோ எடுத்தால்தான் எங்கள் தோட்டத்தில் முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம். நான் பதினொன்று, பன்னிரண்டோடு நின்றதால் அரைப்பேர் விழுந்தது. 2021ஆம் ஆண்டு முதல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று அப்போது ஊரெல்லாம் பேசப்பட்டாலும், கிலோ நிறையாத நாளில் அந்த ஆயிரம் கைக்கு வரவில்லை என்பது மலையில் நிற்பவர்களுக்குத் தெரியும். அதோடு, முன்பு நான் கூடுதல் கிலோவுக்கு எடுத்த காசும் அடியோடு நின்றுபோயிற்று. தொழிற்சங்கத்தின் எங்கள் தோட்டத் தலைவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார்: "தங்கச்சி, குடுக்கிறத வாங்கிக்கிட்டு லேசான வேலைக்குப் போயிருங்க. கேஸுன்னு போனா இழுத்துக்கிட்டே கெடக்கும்." இழுக்கத்தான் செய்தது. ஆனால் லேசான வேலை என்பது தோட்டத்தை நடத்தும் துரை மாறினால் மாறிவிடும் ஒரு சலுகை. அதற்கு எழுத்து எதுவும் கிடையாது.

ஆணையாளருக்கு விண்ணப்பித்த பின் வைத்திய மதிப்பீட்டுக்கு அனுப்பப்பட்டேன். முதல் மதிப்பீடு சில நிமிடங்களில் முடிந்தது. வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு நோயைப் பற்றிப் பேசும் அளவுக்குச் சிங்களம் வராது. என்ன தொழில் என்று கேட்டபோது, அருகிலிருந்த பணியாளர் எனக்காக "தோட்ட வேலை" என்று சொல்லிவிட்டார். கையை மடக்கச் சொன்னார்கள், விரிக்கச் சொன்னார்கள், எக்ஸ்ரேயைப் பார்த்தார்கள். எட்டு வீதம் என்று தாளில் எழுதப்பட்டது. தோட்ட வேலை என்றால் புல் வெட்டுவதா, உரம் போடுவதா, ஸ்டோரில் (தேயிலை ஆலையில்) நிற்பதா, கொழுந்தெடுப்பதா என்று அந்தத் தாளில் எங்கும் இல்லை.

அந்தத் தாளை வாங்கிய பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. மணிக்கட்டு எவ்வளவு வளைகிறது என்பது உடலின் குறைபாடு. அதனால் நான் செய்யும் தொழிலில் எவ்வளவு போயிற்று என்பது உழைக்கும் ஆற்றலின் இழப்பு. இரண்டும் ஒன்றல்ல. பத்துப் பாகை குறைவாக வளையும் மணிக்கட்டு ஒரு காவற்காரருக்குப் பெரிய பாதிப்பாக இருக்காது. கொழுந்தெடுப்பவளுக்கு அது நாட்பேரையே பாதியாக்கிவிடும். முதலாவதைக் கருவி சொல்லும். இரண்டாவதை நாம் எடுத்துச் சொல்லாவிட்டால், மலைக்கு ஒருநாளும் ஏறாத வைத்தியருக்கு அது தெரிய வழியில்லை.

எட்டு வீதத்தை ஏற்க முடியாது, விரிவான பரிசோதனை வேண்டும் என்று எழுத்தில் கேட்டேன். இரண்டாவது முறை அனுப்பப்படுவதற்குள் நாங்கள் ஒரு பக்கத்தில் என் வேலையை எழுதினோம். இரண்டு கையாலும் எடுக்க வேண்டும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தண்டைப் பிடித்துக் கிள்ளும்போது மணிக்கட்டு ஒவ்வொரு தடவையும் சற்றுத் திரும்புகிறது. கையில் சேர்ந்ததைத் தோளுக்கு மேலே பின்புறம் எறிய வேண்டும். என் மகள் நூறு கொழுந்தை எண்ணிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தாள். நூறு கிராம்கூட வரவில்லை. ஆகவே ஒரு கிலோவுக்கு ஆயிரத்துக்குக் குறையாத கிள்ளல். பதினெட்டுக் கிலோவுக்குப் பதினெட்டாயிரம். இந்தக் கணக்கையும் எழுதினோம். விபத்துக்கு முந்தைய மாதங்களிலும் பிந்தைய மாதங்களிலும் நான் எடுத்த கிலோக்களைச் செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டிலிருந்து பிரதி எடுத்துத் தருமாறு ஒப்பீஸில் கேட்டபோது மறுத்தார்கள். தொழில் காரியாலயத்திலிருந்து ஒரு கடிதம் போன பின் கொடுத்தார்கள். நல்ல வேளையாகச் சம்பளச் சிட்டைகளையும் நாங்கள் எறியாமல் வைத்திருந்தோம். தமிழில் எழுதிய அந்தப் பக்கத்தை நகரத்தில் படிக்கும் உறவுக்காரப் பிள்ளை ஒருவர் ஆங்கிலத்தில் எழுதித் தந்தார்.

இரண்டாவது மதிப்பீடு கண்டியில் நடந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். என்ன செய்வார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால் பயம் பாதி குறையும். கோணமானியை மணிக்கட்டில் வைத்து மேலே, கீழே, இரு பக்கமும் எத்தனை பாகை வருகிறது என்று எழுதினார்கள். பிறகு உள்ளங்கையைத் திருப்பிக் காட்டச் சொன்னார்கள். கைப்பிடி வலுவை அளக்கும் கருவியை இரண்டு கையிலும் மாறி மாறிக் கொடுத்து, ஒவ்வொரு கையிலும் மூன்று தடவை அழுத்தச் சொல்லிச் சராசரி எடுத்தார்கள். வலக்கைக்காரருக்கு வலது கை சற்று வலுவாக இருப்பது வழக்கம். எனக்கு இடது கை இருபத்துநான்கு கிலோவும் வலது கை ஒன்பது கிலோவும் காட்டின. பின்னர் கருவியின் பிடியை அகலமாகவும் குறுக்கியும் ஐந்து நிலைகளில் வைத்து மறுபடி அழுத்தச் சொன்னார்கள். முழு மூச்சோடு அழுத்துகிறவருக்கு நடு நிலைகளில் அதிகமாகவும் இரு ஓரங்களில் குறைவாகவும் வருமாம். எல்லா நிலைகளிலும் ஒரே அளவு வந்தால் முயற்சி போதவில்லை என்ற சந்தேகம் எழும். ஆகவே வலிக்கிறதே என்று பாதி அழுத்துவதும், கூடுதல் வீதம் கிடைக்கட்டும் என்று வேண்டுமென்றே தளர்த்துவதும் நமக்கே கேடாக முடியும். வலித்தால் வலிக்கிறது என்று வாயால் சொல்லிவிட்டு, முடிந்த அளவு முழுவதும் அழுத்த வேண்டும்.

அதன்பின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளும் வலுவை மட்டும் தனியாக அளந்தார்கள். எனக்கு அதுவே முக்கியமான பரிசோதனை. முதல் தடவை அதை யாரும் செய்யவில்லை. கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனியில் இரண்டு முனைகளைத் தொட்டு, தொடுவது ஒன்றா இரண்டா என்று கேட்டார்கள். ஆரோக்கியமான விரல் நுனி ஆறு மில்லிமீற்றருக்குள் இருக்கும் இரண்டு முனைகளைக்கூடப் பிரித்து உணரும். என் சுட்டுவிரலுக்கு அதைவிட இரு மடங்கு இடைவெளி கொடுத்தும் ஒன்றாகவே பட்டது. நரம்பின் வழியே மின் அதிர்வு செல்லும் வேகத்தை அளக்கும் சோதனையிலும் மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடுவது தெரிந்தது. அந்த வைத்தியர் நாங்கள் எழுதிய பக்கத்தை வாசித்துவிட்டு, கொழுந்து கிள்ளுவது போல் செய்து காட்டச் சொன்னார். தாதி தமிழ்ப் பிள்ளை. "அக்கா, வேகமா செய்ங்க, மலையில செய்ற மாதிரியே செய்ங்க" என்றாள். செய்தேன். வைத்தியர் முப்பது வீதம் எழுதினார்.

விசாரணையில் நிர்வாகத்தின் தரப்பு புதிய வாதம் ஒன்றை வைத்தது. அதற்குள் என்னைத் தேயிலைக் கன்று வளர்க்கும் நாற்றுமேடையில் போட்டிருந்தார்கள். அங்கே கிலோக் கணக்கு இல்லை, நாட்சம்பளம் முழுதாகக் கிடைக்கிறது. ஆகவே சம்பாத்தியத்தில் இழப்பே இல்லை என்றார்கள். கேட்பதற்கு நியாயம் போலவே இருக்கும். சட்டம் கேட்பது இன்று வாங்கும் சம்பளத்தை அல்ல, உழைக்கும் ஆற்றலை. நாற்றுமேடை வேலை நாளை இல்லாமல் போனால் இந்தக் கையோடு வேறு எந்த மலையில் எனக்கு முழுப்பேர் போடுவார்கள் என்று எங்கள் தரப்பில் கேட்கப்பட்டது. கூடுதல் கிலோக் காசு நின்றுபோனதைச் செக்ரோல் பிரதிகள் காட்டின. விசாரணை சிங்களத்தில் நடந்தது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டேன், தந்தார்கள். கேட்காவிட்டால் தருவார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

கடைசியில் இருபத்தைந்து வீதம் என்று இரு தரப்பும் உடன்பட்டு, அந்த உடன்படிக்கை ஆணையாளரிடம் பதிவு செய்யப்பட்டது. நிரந்தர முழு இயலாமைக்கு என் மாத ஊதியப் படிநிலைக்கு எவ்வளவு தொகையோ, அதில் இருபத்தைந்து வீதம் கிடைத்தது. மாத ஊதியத்துக்கு விபத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களின் சராசரி எடுக்கப்பட்டது. வேலைநாள் குறைவாகக் கொடுத்த மாதங்கள் அந்தச் சராசரியைக் கீழே இழுத்தன. அதற்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இடையில் ஒரு தடவை, சிறு தொகையைக் கையில் வாங்கிக்கொண்டு இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். நட்டஈட்டு உரிமையை அப்படி எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்று தொழில் காரியாலயத்தில் சொன்னார்கள். நான் கையெழுத்து வைக்கவில்லை.

வீதம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. நிரந்தரமாக வேலை செய்யவே முடியாது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தால் ஊழியர் சேமலாப நிதியத்தை வயது வரும் முன்பே எடுக்கலாம் என்று எனக்கும் ஆலோசனை வந்தது. அப்படி எழுதினால் வேலை போகும்; எங்கள் குடும்பத்தில் தோட்டப் பதிவில் நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்பதால், லயத்து அறையைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருந்தது. அதோடு, ஒரு வேலையும் முடியாது என்று ஒரு தாளிலும் நாற்றுமேடையில் வேலை செய்கிறேன் என்று இன்னொரு தாளிலும் இருந்தால் இரண்டையுமே யாரும் நம்பமாட்டார்கள். ஊழியர் நம்பிக்கை நிதியத்தின் இயலாமைக் கொடுப்பனவு வேறு. அதற்கான படிவத்தை இப்போதுதான் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். பிரதேச செயலகத்தின் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்த உதவியும் இதோடு சேர்ந்ததல்ல. அங்கே குடும்ப வருமானத்தையும் பார்க்கிறார்கள்.

நரம்பு நெரிபடுவதைச் சத்திரசிகிச்சையால் தளர்த்தலாம் என்று கண்டி கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த தவணையில் அதைப் பற்றி முடிவு செய்ய வேண்டும். விடுப்பு எடுத்தால் நாற்றுமேடை வேலை இருக்குமா என்று வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.