ஆல்கலாய்டு தொகுப்பு: வினை முடிந்த பிறகு கவனிக்க வேண்டியவை

ஆல்கலாய்டு (பெரும்பாலும் தாவரங்களில் கிடைக்கும், நைட்ரஜன் உள்ள காரப் பொருள்) தொகுப்பில், அதாவது அதை ஆய்வகத்தில் உருவாக்குவதில், ஆய்வுக்குச் சேரும் மாணவர்கள் வினைகளைத்தான் விழுந்து விழுந்து படிக்கிறார்கள். ஆனால் பொருள் கையை விட்டுப் போவது பெரும்பாலும் ஒர்க்கப்பிலும் (வினை முடிந்ததும் கழுவிப் பிரிக்கும் வேலை) சிலிக்கா நிரப்பிய பிரிப்புக் குழாயிலும்தான். மூலக்கூறிலுள்ள கார நைட்ரஜன் அமிலம் எங்கிருந்தாலும் அதைப் பிடித்துக்கொள்ளும். சென்னையின் ஈரக்காற்றும் வெயிலும் சேர்ந்தால் சிக்கல் கூடும்.

1911-இல் வெளியான பிக்டே–ஸ்பெங்ளர் வினையையே எடுத்துக்கொள்வோம்: அமீனும் ஆல்டிஹைடும் சேர்ந்து, நைட்ரஜன் உள்ள புது வளையமாக மூடிக்கொள்ளும் வினை இது. நம் தெருவோரத்து நித்திய கல்யாணி இதே வினையை ஒரு நொதியின் துணையோடு செய்துதான் தன் இண்டோல் ஆல்கலாய்டுகளைக் கட்டத் தொடங்குகிறது. ஆய்வகத்தில் எல்-ட்ரிப்டோஃபான் மெத்தில் எஸ்டர் ஹைட்ரோகுளோரைடு 2.55 கிராம் (10 மில்லிமோல்) எடுத்து, பைகார்பனேட்டால் காரமாக்கி, டிசிஎம்மில் (டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான்) பிரித்தெடுங்கள். இந்தத் தனி எஸ்டரை நாள்கணக்கில் வைக்கக் கூடாது. இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து டைகீட்டோபிப்பரசீன் ஆகிவிடும்.

உலர்ந்த டிசிஎம் 50 மில்லி, பென்சால்டிஹைடு 1.17 கிராம், 3 ஆங்ஸ்ட்ராம் மாலிக்குலர் சீவ் (நீரை உறிஞ்சும் நுண்துளை மணிகள்) சேர்த்துக் கலக்கினால், அமீனும் ஆல்டிஹைடும் நீரை இழந்து இணைந்த இமைன் உருவாகும். பாட்டில் மூடியில் வெள்ளைப் படிகம் தெரிந்தால் ஆல்டிஹைடில் பென்சோயிக் அமிலம் கலந்துவிட்டது. பைகார்பனேட்டால் கழுவி, உலர்த்தி, காய்ச்சி வடித்த பிறகே எடையிடுங்கள். சீவை 300 டிகிரியில் இரவு முழுக்கச் சூடாக்கி, காற்றுப் படாமல் ஆறவிட வேண்டும். சென்னையில் திறந்து வைத்து ஆறவிட்டால் சூடாக்கியது வீண். இமைன் வந்ததும் சீவை வடிகட்டிவிட்டு, 0 டிகிரியில் டிஎஃப்ஏ (ட்ரைஃபுளோரோஅசிட்டிக் அமிலம்) 1.5 மில்லியைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

ஒர்க்கப்பில் அவசரம் கூடாது. பைகார்பனேட் பட்டதும் கார்பன் டை ஆக்சைடு பொங்கும். அதனால் முதலில் பெரிய பீக்கரில் கலந்து, நுரை அடங்கிய பிறகே பிரிபுனலுக்கு மாற்றுங்கள். டிசிஎம் கொதிப்பது 40 டிகிரியில். மே மாதத்தில் ஆய்வக ஏசி நின்றுபோனால் மூடிய புனலில் அழுத்தம் வேகமாக ஏறும், அடிக்கடி திறந்து விட வேண்டும். நீரடுக்கின் பிஎச் 8-9 இருக்கிறதா என்று தாளில் பாருங்கள். குறைவாக இருந்தால் பொருள் உப்பாக நீரிலேயே தங்கிவிடும், விளைச்சல் போனதற்கு வினையைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். இரண்டு அடுக்கும் பிரியாமல் பால் போல நின்றால் உப்புக்கரைசல் சேருங்கள், அல்லது செலைட் என்ற வடிகட்டும் தூள் வழியாக வடிகட்டுங்கள். கரைப்பானை ஆவியாக்கி நீக்கும் ரோட்டாவின் கண்டென்சருக்குக் கோடையில் மேல்தொட்டித் தண்ணீர் உதவாது, அதுவே 30 டிகிரிக்கு மேல் இருக்கும். 5 டிகிரிக்குக் கீழே ஓடும் சில்லர் இல்லையென்றால் கரைப்பான் முழுக்கப் பம்புக்குள் போகும்.

சிலிக்கா இலேசான அமிலத்தன்மை உடையது. டிஎல்சியில் (சிலிக்கா பூசிய தகட்டில் பிரித்துப் பார்க்கும் சோதனை) ஸ்பாட் வால் இழுத்தால் பிரிப்புக் குழாயிலும் அதே கதைதான். ஓடும் கரைப்பானில் ட்ரையெத்தில் அமீன் 1 சதவீதம் சேர்த்தால் வால் அடங்கும், சிலிக்காவை நிரப்பும்போதே அதைச் சேர்த்துவிடுவது நல்லது. தகட்டை 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் பார்த்தால் இண்டோல் தெரியும், டிராகன்டார்ஃப் கரைசலைத் தெளித்தால் ஆல்கலாய்டு ஆரஞ்சு நிறம் காட்டும்.

இனி வருவதுதான் முக்கியம்: புது வளையத்தில் ஃபீனைலும் எஸ்டரும் ஒரே பக்கமா (சிஸ்), எதிரெதிர்ப் பக்கமா (ட்ரான்ஸ்)? அறை வெப்பநிலையில் இரண்டும் கலந்தே வரும், குளிர்ந்த நிலையில் சிஸ் கூடும். கார்பன் அணுக்களின் சூழலைக் காட்டும் கார்பன்-13 என்எம்ஆரில், ஃபீனைலையும் எஸ்டரையும் தாங்கும் சி-1, சி-3 கார்பன்களின் சிக்னல்கள் சிஸ்ஸில் ஏறக்குறைய 58, 57 பிபிஎம்மில் இருக்கும். ட்ரான்ஸில் 55, 52-53-க்கு இறங்கும். மெத்தாக்சி கார்பனும் 52-ஐ ஒட்டியே வருவதால் அதைச் சி-3 என்று எண்ணிவிடுவது எளிது. கார்பன்களை அவற்றிலுள்ள ஹைட்ரஜன் எண்ணிக்கையால் பிரித்துக் காட்டும் டெப்ட்-135 எடுத்தாலும் சிஎச், சிஎச்3 இரண்டும் ஒரே பக்கம் நிற்கும். எந்தக் கார்பனில் எந்த ஹைட்ரஜன் என்று காட்டும் எச்எஸ்க்யூசி எடுத்தால்தான் சந்தேகம் தீரும். என்எம்ஆர் கரைப்பானான சிடிசிஎல்3 பழையதானால் அதில் அமிலம் இருக்கும், அது நைட்ரஜனைப் பாதி புரோட்டானேற்றிச் சிக்னலை அகலமாக்கும். பொட்டாசியம் கார்பனேட் மீது வைத்து வடிகட்டிப் பயன்படுத்துங்கள்.

என்எம்ஆர் வந்துவிட்டதால் படிகமாக்கும் பழக்கம் குறைந்துபோனது எனக்கு வருத்தம்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் டி. ஆர். கோவிந்தாச்சாரி குழு நஞ்சறுப்பானில் உள்ள டைலோஃபோரினின் கட்டமைப்பை ஆராய்ந்த காலத்தில், தூய படிகமும் உருகுநிலையும்தான் ஆதாரம். டைலோஃபோரினை அவர்கள் தொகுத்தும் காட்டினார்கள். இன்றும் பிரியாத கலவைக்கு ஹைட்ரோகுளோரைடு உப்பாகப் படிகமாக்கிப் பார்ப்பது மலிவான வழி. டி-ட்ரிப்டோஃபான் மெத்தில் எஸ்டர் ஹைட்ரோகுளோரைடையும் பைப்பரோனல் என்ற ஆல்டிஹைடையும் ஐசோபுரோப்பனாலில் சூடாக்கும்போது சிஸ் உப்பு மட்டும் படிந்துகொண்டே வரும். கரைசலில் உள்ள ட்ரான்ஸ் மெல்ல சிஸ்ஸாக மாறி அதுவும் படியும். டடலாஃபில் என்ற மருந்தின் தயாரிப்பே இதை நம்பித்தான் நடக்கிறது.

மூன்றாம் நிலை அமீனாக (நைட்ரஜனில் மூன்று கார்பன்கள் இணைந்தது) மாற்றிய பொருளை மட்டும் டிசிஎம்மில் கரைத்து வாரக்கணக்கில் வைக்காதீர்கள். கரைப்பானே அமீனோடு வினைபுரிந்து குளோரோமெத்தில் நான்காம் நிலை உப்பைத் தரும். கரைப்பானை முழுக்க நீக்கி, ஆர்கான் நிரப்பி, பழுப்புக் குப்பியில் ஃபிரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் குப்பி அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியைத் திறக்காதீர்கள், இங்குள்ள ஈரம் அப்படியே உள்ளே இறங்கிவிடும்.