வாய்க்கொழுப்பு

பெரியப்பா அந்தப் புலிக் கதையை நாலாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது பதினோரு வயது. எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம். "போன லீவுல புலி இவ்ளோ பெருசா இல்லையே பெரியப்பா" என்றேன். முதலில் சிரித்தது அவர்தான். பரிமாறிக்கொண்டிருந்த அத்தைதான், "வாய்க்கொழுப்பைப் பாரு இதுக்கு" என்றாள்.

நக்கலும் கிண்டலும் யாரும் யாரையும் செய்யலாம். தாத்தாவுக்கு நக்கல் ஜாஸ்தி என்போம். மேனேஜர் கிண்டலடித்தார் என்போம். ஆனால் மேனேஜருக்கு வாய்க்கொழுப்பு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தொல்காப்பியம் சிரிப்புக்கான நான்கு காரணங்களில் எள்ளலைத்தான் முதலில் வைக்கிறது. அதே எள்ளல் சின்னவர் வாயிலிருந்து பெரியவர் பக்கம் திரும்பினால் பெயர் மாறிவிடுகிறது.

கொழுப்பு எப்படி வாய்க்குள் வந்தது? 'கொழு' என்றால் வளம், செழிப்பு. சங்கப் பாடல்களில் கொழுமீன் வரும்; அங்கே அது பாராட்டு. மீன் கொழுக்கலாம், கொடி கொழுக்கலாம். மனுஷன் கொழுத்தால்தான் வம்பு. கொழுத்த நண்டு வளையில் தங்காது என்பது அந்தப் பயம்தான். வயிறு நிறைந்தவன் அடங்கமாட்டான், மிஞ்சியது வாய்வழியாக வரும் என்று கணக்கு. 'சோத்துக் கொழுப்பு' என்ற வசவைக் கவனியுங்கள். நான் போட்ட சோறுதான் உன் வாயில் பேச்சாக வருகிறது என்று பில் நீட்டுகிற வேலை அது. சோறு போடுகிறவர் மட்டுமே அதை நீட்டமுடியும். மேனேஜர் தப்பித்தது இதனால்தான்.

'வாய்க்கொழுப்பு சீலையில் வடிகிறது' என்று ஒரு பழமொழி வேறு. வேட்டியில் வடிந்ததாகக் காணோம். எதிர்த்துப் பேசும் மருமகளை மனசில் வைத்துத்தான் இதை யாரோ கட்டியிருக்க வேண்டும் என்பது என் சந்தேகம்.

(அதிகப்பிரசங்கி இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. ஒரே ஒரு வரி பதில் சொன்ன பிள்ளைக்குப் பிரசங்கி பட்டம்!)

அன்றைக்குத் திட்டிய கையோடு அத்தை என் சாதத்தில் இன்னொரு கரண்டி நெய் விட்டாள். புலி எவ்வளவு பெரிசு என்று பெரியப்பா மறுபடி கையை விரித்துக் காட்டினார். கொஞ்சம் சின்னதாகத்தான்.