டித்வா வாரம்: கிளிவெட்டியிலிருந்து

நவம்பர் 27, 2025, வியாழன்

விடியற்காலையிலிருந்து மழை விடவில்லை. புயலுக்கு டித்வா என்று பெயர் வைத்தாயிற்று. யேமன் கொடுத்த பெயராம். சொகோத்ரா தீவில் உள்ள ஒரு கடலேரியின் பெயர். மட்டக்களப்பை ஒட்டி வடக்கே நகர்கிறது, அதாவது திருகோணமலை மாவட்டத்தில் இருக்கும் எங்களை நோக்கி.

உயர்தரப் பரீட்சையை ஒத்திவைத்துவிட்டார்கள். முன்வீட்டு அக்காவின் மகள் புத்தகத்தைக் கீழே வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். அக்காவுக்குக் கூரைத் தகரத்தைப் பற்றித்தான் கவலை. நானும் மாடு வளர்க்கும் பட்டிக்கார அண்ணையும் ஏறி மணல் மூட்டை வைத்துக் கயிறு கட்டினோம்.

அடுத்த வளவு ஆச்சி 1964 மார்கழிச் சூறாவளியைக் கண்டவர். வாசலில் நின்று பார்த்துவிட்டு, "காற்றுக்கு வீட்டைக் கட்டலாம் தம்பி. கங்கைக்கு என்னத்தைக் கட்டுவாய்?" என்றார். மகாவலி ஆற்றைத்தான் நாங்கள் கங்கை என்போம். ஆச்சி நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

நவம்பர் 28, வெள்ளி

இரவு முழுக்கக் காற்று. மின்சாரம் போய்விட்டது. வழக்கம்போல முதலில் முறிந்தது முருங்கை. வாழைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கின்றன. அக்காவின் தகரம் தப்பிவிட்டது.

மதியத்துக்குப் பிறகு ஒழுங்கையில் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். இவ்வளவுதானா என்று சிரிப்பு வேறு. பட்டிக்கார அண்ணையின் வானொலிதான் சிரிப்பைக் கெடுத்தது: கண்டி, நுவரெலியா, பதுளை என்று மண்சரிவுச் செய்தி மேல் செய்தி. மலையில் விழுந்த மழை எங்கே போகும்? 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி எங்கள் கொட்டியாரக் குடாவில்தான் கடலைத் தொடுகிறது. மன்னம்பிட்டியில் ஆறு ஏறினால் அடுத்தது நாங்கள். கடலும் கொந்தளித்துக்கொண்டிருந்தால் முகத்துவாரம் தண்ணீரை இலேசில் வாங்காது. அது வயலில்தான் தேங்கி நிற்கும்.

நவம்பர் 29, சனி

மழை குறைந்துவிட்டது, ஆனால் வாய்க்கால் தண்ணீர் ஏறுகிறது. இதை வெளியூர்க்காரருக்கு விளக்குவது கடினம். வானம் வெளுக்கும்போதுதான் எங்களுக்குப் பயம் பிடிக்கிறது.

கோயில் மதிலில் ஏறி நின்றால் மட்டும் தொலைபேசி வேலை செய்கிறது. தெகிவத்தைப் பக்கம் வயல் செய்யும் சிங்கள நண்பர் அழைத்து, கங்கை நிற்கவில்லை, பிள்ளைகளையும் கிழவர்களையும் இன்றே அனுப்பிவிடுங்கள் என்றார். கைபேசிக்கு வந்த எச்சரிக்கையோ சிங்களத்தில் இருந்தது. முன்வீட்டுப் பெண் எழுத்துக்கூட்டி வாசித்துச் சொன்னாள். மாவட்டத்தில் தமிழ் வாசிப்பவர்கள் இத்தனை பேர் இருக்க, இது என்ன கூத்து?

பெரும்போக (மாரிக்கால நெல்) விதைப்பு முடிந்து பயிர் ஒரு சாண்கூட வளரவில்லை. யூரியா மூட்டைகளைக் கட்டில் மேல் ஏற்றினேன். அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிப் புத்தகம் மூன்றையும் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். அக்கா தையல் இயந்திரத்தைப் பரணில் ஏற்றச் சொன்னார். அது ஒரு மணி நேர வேலை. இன்று நாட்டில் அவசரகால நிலையாம்.

நவம்பர் 30, ஞாயிறு

மாவிலாற்று அணைக்கட்டு உடைத்துக்கொண்டது.

2006-இல் இதே மாவிலாற்றுக் கதவைப் பூட்டியதில்தான் யுத்தம் மறுபடி மூண்டது. அன்று தண்ணீர் வரவில்லை என்று அழுதோம். பிறகு சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் எங்கள் ஊர் முகாமில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். இன்று தண்ணீர் வந்து எங்களைக் கிளப்பியது.

அது வீதி வழியாக வரவில்லை. வீட்டுக்குப் பின்னால், வயல் வரம்பைத் தாண்டி, வைக்கோலும் நுரையுமாக வந்தது. எறும்புகள் பந்தாகத் திரண்டு மிதந்து வந்து முதலில் தொட்ட சுவரில் ஏறின. கட்டில் கால் மறைந்தது, யூரியா மறைந்தது. பட்டிக்கார அண்ணை மாடுகளின் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்துவிட்டார். கன்றுகளைத் திரும்பிப் பார்க்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மூதூரிலிருந்து மீன்பிடிக்கும் நானாமார் (முஸ்லிம் அண்ணன்மார்) ஃபைபர் வள்ளங்களை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கடலில் ஓடும் வள்ளத்துக்கு எங்கள் ஒழுங்கை என்ன தெரியும்? முள்கம்பி வேலி தண்ணீருக்குள் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் விசிறி இரண்டு இடத்தில் சிக்கியது. பிறகு இயந்திரத்தைத் தூக்கிவிட்டு, நான் முன்னால் உட்கார்ந்து "இது அக்கா வேலி, இது ஆச்சி வேலி" என்று வழி சொல்ல, சவளால் ஊன்றினார்கள். ஆச்சியைக் கதிரையோடு தூக்கி வைத்தோம். கதிரை நனையக் கூடாது என்று சண்டை பிடித்தார்.

ஹெலிகொப்டர்கள் அணைக்கட்டுப் பக்கம் பறந்தன.

டிசம்பர் 2, செவ்வாய்

பாடசாலை வகுப்பறையில் ஐந்து குடும்பங்கள். சோற்றுப் பொதி நிறைய வருகிறது, சில நேரம் மூன்று இடத்திலிருந்து ஒரே வேளைக்கு. வராதது குழந்தைப் பால்மா, பெண்களுக்கான துவாய், ஆச்சியின் பிரஷர் மாத்திரை. அக்கா ஒரு பட்டியல் எழுதிக் கதவில் ஒட்டினார். மாலையில் வந்த மூதூர் ராத்தா (முஸ்லிம் அக்கா) ஒருவர் அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார். மறுநாளுக்குள் வரும் என்றார்.

டிசம்பர் 5, வெள்ளி

மாத்திரை சொன்னபடி வந்திருந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம்.

சேறு. வேறொன்றும் எழுத வராது. அரிசிப் பெட்டிக்குள் சாரைப்பாம்பு. தையல் இயந்திரம் பரணில் பத்திரம், அக்கா அதைப் பார்த்துத்தான் முதல் தடவை அழுதார். கிணறு பாற்கஞ்சி நிறம். இறைத்துக் குளோரின் போடும்வரை குடிக்க முடியாது. அண்ணையின் மாடுகளில் பாதிக்கு மேல் இல்லை. மிஞ்சியவை குளக்கட்டில் நின்றன. அவர் எண்ணவில்லை, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

டிசம்பர் 9, செவ்வாய்

நாடு முழுக்க 600-க்கு மேல் இறந்துவிட்டார்கள், கண்டி மாவட்டத்தில்தான் அதிகம். எங்கள் ஒழுங்கையில் உயிர்ச் சேதம் இல்லை. மேலே அத்தனை வீடுகளைப் புதைத்த மண்ணைத்தான் நாங்கள் இங்கே கூட்டி அள்ளுகிறோம் என்று நினைக்கும்போது மண்வெட்டி கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறது.

வீடு துப்புரவாக்க 25,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். பதிவுக்கு வரிசையில் நின்றோம். விதை நெல் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. தை பிறப்பதற்குள் விதைக்காவிட்டால் இந்தப் போகம் போனதுதான்.

இன்று காலை ஆச்சிக்கும் அக்காவுக்கும் வாக்குவாதம். வெள்ளம் இழுத்துப்போன வேலிக் கட்டைகளை அக்கா ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டாராம். ஒரே அடுப்பில் ஒரு வாரம் சமைத்தவர்கள்! வள்ளத்தில் வேலிக்கு வழி சொன்னவன் நீதானே என்று இரண்டு பேரும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். நாளைக்குக் காணி உறுதியோடு வரச் சொல்லியிருக்கிறேன்.